இரண்டு பொட்டலமும் சிவப்பு

யுத்தத்துக்கு முந்தைய வருஷம், ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுகப் போகிறோம் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். எருமப்பட்டியிலிருந்து பன்னிரண்டு பேர், பஸ்ஸும் ரயிலும் மாறித் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தோம். எனக்குப் பதினெட்டு வயது. முதல்முதலாகக் கடலைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். "பொட்டப்புள்ளைக்கு என்ன சிரிப்பு?" என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா.

குளித்துவிட்டுக் கோட்டையைச் சுற்றினோம். அத்தை மகன் எல்லோருக்கும் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். அவருடைய மனைவி போன வருஷம்தான் கிணற்றில் விழுந்து இறந்திருந்தாள். தண்ணீர் எடுக்கப் போனவள் கால் தவறிவிட்டாள் என்றார்கள். குடம் வீட்டிலேயே இருந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளுடைய நாலு வயது மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிடிக்க வைத்தது அத்தை. மரமண்டை எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

கையகலச் சன்னல் வைத்த ஓர் அறையைக் காட்டி, கைதிகளை அடைத்த இடம் என்றார்கள். எட்டிப் பார்த்த அத்தை மகன், "காத்தோட்டமாத்தான் இருக்குது," என்றார்.

கோட்டையை ஒட்டி யாரோ ஒரு துரை போட்ட பூந்தோட்டம். அங்கே கட்டுச்சோறு தின்றோம். ஓரத்து வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார் இருந்தார்.

"தம்பி, பூவும் இருக்குது, சாமியும் இருக்குது. இவங்க ரெண்டு பேரு கண்ணாலத்துக்கு இங்கியே பூக் கேட்டுப்போடலாம்," என்றாள் அத்தை.

"செரிங்கக்கா," என்றார் அப்பா. என்னை யாரும் கேட்கவில்லை.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் பேச்சு அத்தோடு சரி. எடுத்ததைத்தான் பிரிப்பார்கள், மற்றதைத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள்.

கட்டும் வேலை அம்மாவுக்கு வந்தது. அவளிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன். வெள்ளை நந்தியாவட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு இலையிலும் செவ்வரளியையே வைத்து மடித்தேன். அம்மா பார்த்தாள். பார்க்காதவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் விரலைப் பிடித்து வந்த குழந்தை எடுத்தது சிவப்பு. எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் அதற்கு விளையாட்டு ருசித்துவிட்டது. யாரும் தடுப்பதற்குள் மற்றதையும் பிரித்துவிட்டது.

"சாமிகிட்டயே களவாணித்தனமா? ஆரு கட்டுனது?" என்று கத்தினாள் அத்தை.

"நாந்தானுங்க," என்றாள் அம்மா.

"இல்லீங்க, நானு!" என்று நான் அலறியதை யாரும் நம்பவில்லை. ஆத்தாளைக் காப்பாற்றுகிறேனாம்.

அப்பா அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இவளை இப்பிடியே பொறந்த ஊட்டுக்கு அனுப்பிப்போடறேனுங்க அக்கா. இனி எங்க வாசப்படி மிதிக்கக் கூடாது."

சொன்னால் செய்கிற மனுஷர். சுற்றிலும் பார்த்தேன். ஒரு பக்கம் கோட்டைச் சுவர், ஒரு பக்கம் கடல், நடுவில் என் சனம். "அம்மாவ அனுப்பாதீங்க, நான் அவரையே கட்டிக்கறேனுங்க," என்றேன். அத்தையின் முகம் உடனே மலர்ந்தது. எல்லோரையும் வெறுத்தேன்.

ரயிலில் அம்மா என் காதோரம் கேட்டாள்: "நீ ஏஞ்சாமி வாயத் தொறந்தே?"

"நீ மட்டும் ஏம்மா தொறந்தே?" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முப்பது வருஷம் அந்த வீட்டில் வாழ்ந்தேன். குடம் இல்லாமல் ஒருநாளும் கிணற்றடிக்குப் போனதில்லை.