விசிறி நின்றதும் வேண்டிக்கொண்ட மொட்டை

என் பழைய லேப்டாப்பில் கல்யாண வீடியோவை எடிட் செய்ய உட்கார்ந்தால் படம் நொண்டியடிக்கும். திருத்தணியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "புதுசு வாங்கிடுங்கண்ணா. வீடியோ வேகமா ஓடணும்னு பெரிய கம்ப்யூட்டர்ல போடுற கிராபிக்ஸ் கார்டை இதுல மாட்டினா புகைஞ்சிடும்."

எனக்கு வீம்பு ஏறியது. அரக்கோணம் போய்ப் பழைய கார்டு ஒன்றை வாங்கி வந்தேன். தனி பவர் சப்ளை கொடுத்து, ஒரே கேபிளில் லேப்டாப்போடு இணைத்தேன்.

சுவிட்சைப் போட்டதும் கார்டின் விசிறி இரண்டு சுற்று சுற்றி நின்றுவிட்டது. லேப்டாப்புக்குள் இருந்த கல்யாணத்துக்கு வேறு பிரதி கிடையாது. கை தானாக மலையைப் பார்த்துக் கும்பிட்டது. "முருகா, இது பிழைச்சா மொட்டை போடறேன்!"

மனைவி எட்டிப் பார்த்தாள். "இருக்கிறதே பத்து முடி. அதைக் காட்டி சாமிகிட்ட பேரம் பேசிகினு இருக்கீங்களா?"

வீடியோவைத் தட்டினேன். நொண்டாமல் ஓடியது. விசிறியும் சுழன்றது. வேலை வராதவரை அது சும்மா நிற்குமாம், வீட்டில் என்னைப் போல.

மறுநாள் மலையேறி மொட்டை போட்டேன். இறங்கியதும் எல்லாவற்றையும் பையில் அள்ளிப்போய் ரிப்பேர்காரரின் மேசையிலேயே மாட்டி ஓடவிட்டேன். அவர் பார்த்தது என் தலையைத்தான்.

"என்னண்ணா, வேண்டுதலா?"

"ஆங். நீங்க பயமுறுத்தினதுக்கு முடியைக் குடுத்துட்டேன். புது லேப்டாப் மட்டும் வாங்கவே மாட்டேன்."