நான்கு சக்கரத்திலும் என் முகம்

எங்கள் வீட்டுக்காரர் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறை வைத்திருக்கிறார். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், இலஞ்சிக்குத் திரும்புகிற முக்குக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. அடிபட்டு வருகிற வண்டிக்கு ஒடுக்கெடுத்து, பட்டி பூசித் தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பார்கள். நான் வீட்டு வேலையை முடித்துவிட்டுப் போய் உட்கார்ந்து போன் எடுப்பேன், பில் போடுவேன். வண்டி இன்னும் ரெடியாகவில்லையா என்று கத்துகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாளிப்பதும் நான்தான். மூன்றில் அதுதான் பெரிய வேலை.

இந்தத் தொழிலில் அடிக்க வேண்டிய இடம் தொல்லை கொடுக்காது. அடிக்கக்கூடாத இடம்தான் உயிரை வாங்கும். கதவுக்கு அடிக்கிற பெயிண்ட் கதவோடு நிற்காது, புகையாகப் பறந்து போய்ச் சக்கரத்தில் உட்காரும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கும்போது வழிகிற சேறும் அங்கேதான் இறங்கும். யாராவது ஸ்பேனரைக் கை நழுவ விட்டால் அலாய் வீலில் கீறல். இந்த அலாய் வீல் வந்ததிலிருந்து வண்டி எடுக்க வருகிறவர்கள் பெயிண்ட் அடித்த கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாலு சக்கரத்தையும் குனிந்து குனிந்து பார்க்கிறார்கள்.

இவர் முதலில் பேப்பரைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். சாரல் அடிக்கிற மாதங்களில் எங்கள் ஊரில் பேப்பர் தாங்குமா? நமுத்துப் போய்க் கிழிந்துவிடும். அப்புறம் உரச்சாக்கைக் கட்டிப் பார்த்தார். அது நார் நாராகப் பிரிந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டது. ஒரு சீசனில் பக்கத்து வண்டிக்கு அடித்த சிவப்பு, காற்றில் வந்து ஒரு வெள்ளைக் காரின் சக்கரத்தில் படிந்துவிட்டது. தின்னரைப் போட்டுத் துடைத்தார்கள். சிவப்பு போனது, கூடவே சக்கரத்தின் பளபளப்பும் போனது. அந்த வண்டிக்காரர் வாசலில் நின்று பேசிய பேச்சுக்கு இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சக்கரத்துக்கு நல்ல உறை ஒன்று வேண்டும் என்று அதிலிருந்து அரித்துக்கொண்டே இருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் நான் தேர்தலில் நின்றேன்.

எங்கள் வார்டில் நிற்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு திரிந்தவர் என் கொழுந்தனார். கடைசி நேரத்தில் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "மைனி, நீங்க சும்மா பேருக்கு நில்லுங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். என் வீட்டுக்காரர், "அவளுக்கு இதெல்லாம் என்னலே தெரியும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். "எனக்கென்ன தெரியும்? நிக்கச் சொல்லுதாவ, நிக்கேன்" என்றேன். பிறகு யார் கேட்டாலும் இதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி அது வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது.

உள்ளுக்குள் கதை வேறு. வீடு வீடாகப் போய்க் கும்பிட்டு ஓட்டுக் கேட்ட முதல் நாளே எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. அதுவரை இன்னாருடைய பொண்டாட்டி என்று மட்டும் தெரிந்த ஜனங்கள் என்னிடம் குறை சொன்னார்கள். தெருமுக்கில் சாக்கடை அடைத்து மழைக்குத் தண்ணீர் நிற்பதை ஒருத்தி கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள். அதை எப்படிச் சரிசெய்வது என்று அன்று முழுக்க யோசித்தேன். பதவி ஏற்கும்போது சொல்ல வேண்டிய உறுதிமொழியைக் குளியலறைக்குள் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். தென்காசிக்குப் போய் நீல நிறத்தில் ஒரு காட்டன் சேலை எடுத்து, பீரோவில் பழைய சேலைகளுக்கு அடியில் வைத்தேன். கேட்டிருந்தால் கல்யாண வீட்டுக்கு என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஏன் வெளியே சொல்லவில்லை என்றால், பயம்தான். எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டால், "ஆசையைப் பாரு" என்று ஒரு சொல் வரும். அதைக் கேட்டு நிற்க எனக்குத் தெம்பில்லை.

தோற்றேன். விழுந்த ஓட்டைச் சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் சொந்தக்காரர்களைக் கூட்டிப் பார்த்தாலே அதைவிடக் கூட வரும். ஜெயித்தது அடுத்த தெருப் பெண், என்னைவிடச் சின்னவள். அவள் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஓட்டு எண்ணிய இடத்திலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் நான்தான் எல்லாருக்கும் ஆறுதல் சொன்னேன். "அப்பாடா, தப்பிச்சேன்" என்றேன். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

கொழுந்தனார் எனக்காக அடித்த பிளெக்ஸ் பேனர்களில் பாதியைக் கட்டவே இல்லை. பொது இடத்தில் கட்டக்கூடாது என்று அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். எல்லாம் சுருட்டினபடி எங்கள் பட்டறையில் கிடந்தன. தோற்ற பிறகு கொஞ்ச நாள் நான் பட்டறைப் பக்கம் போகவில்லை. திரும்பப் போன அன்று, உள்ளே நின்ற ஒரு சாம்பல் நிறக் காரின் சக்கரத்திலிருந்து நான் என்னையே கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு சக்கரத்திலும் நான். வட்டமாக வெட்டி, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த உறை. நடுவில் கச்சிதமாக என் முகம், அதற்குக் கீழே கூப்பிய கை. ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்ட வெள்ளை நிறத்தோடு பல் தெரியச் சிரிக்கிறேன். என் வீட்டுக்காரர் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி ஓடி வந்தார். "எப்படிட்டி இருக்கு? ஒரு சொட்டு ஒட்டாது. தண்ணியும் இறங்காது. துணியை வச்சுத் துடைச்சா போயிரும்" என்றார்.

தைத்துக் கொடுத்தவர் தென்காசியில் கார் சீட்டுக்குக் கவர் தைக்கிற அண்ணாச்சி. அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "சுமங்கலி முகத்துல கத்திரி படலாமா தாயி? அதான் நடுவுல வச்சு வெட்டிட்டேன்" என்றார். அவர் மரியாதை செய்ததாக நினைத்துக்கொண்டார். குறுக்கே வெட்டியிருந்தால் கண் ஒரு சக்கரத்திலும் வாய் ஒரு சக்கரத்திலுமாகப் போயிருக்கும், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

எனக்கு உடம்பு கூசிப் போயிற்று. கழற்றுங்கள் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்பார். சும்மா பேருக்கு நின்றவளுக்கு, தோற்றது நல்லதாகப் போயிற்று என்று சொன்னவளுக்கு, ஒரு பழைய பேனரில் என்ன வருத்தம்? "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு எந்த வண்டிக்கு வேலை நடந்தாலும் நான்தான் காவல். நாளாக ஆக என் முகத்தில் வெள்ளி படிந்தது, நீலம் படிந்தது. ஒன்றில் கறுப்பு தெறித்து எனக்கு மீசை முளைத்திருந்தது. பட்டறை ஆட்கள், "நாலு அக்காவையும் எடுத்துட்டு வாலே" என்று ஒருவருக்கொருவர் குரல் கொடுப்பார்கள். நான் உள்ளே வருவது தெரிந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். பில் வாங்க வருகிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள், சக்கரத்தைப் பார்ப்பார்கள், திரும்பவும் என்னைப் பார்ப்பார்கள். சில்லறை எடுக்கிற சாக்கில் நான் மேஜை டிராயருக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து எல்லா உறைகளையும் திருப்பி மாட்டினேன், வெள்ளைப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. இவர் வந்து பார்த்துவிட்டு, "யாரு பாத்த வேலை இது? பின்பக்கம் பெயிண்டை இழுத்துக்கிடும்லா. வழவழப்புதான் வெளிய இருக்கணும்" என்று ஒவ்வொன்றாகத் திருப்பினார். திருப்பியதும் ஒவ்வொரு முகத்தையும் ஈரத்துணியால் பதவிசாகத் துடைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

சீசன் வந்தது. குற்றாலத்தில் அருவிக்கு வந்த கூட்டத்தில் எவனோ உரசிவிட்டான் என்று ஒரு கார் கதவில் நீளக் கோட்டோடு வந்தது. ஜெயித்த அந்தப் பெண்ணுடைய வண்டி. அவள் வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். வழக்கம்போல நாலு சக்கரத்துக்கும் உறை மாட்டினார்கள். அவள் வண்டிக்கு மாட்டுகிறோமே என்று எங்கள் பட்டறையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. பில் புத்தகத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

யாரோ வாசலில் நின்று போட்டோ எடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கள் வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் அது வந்தது. வண்டி நம்பர் தெரிந்தது, என் சிரிப்பும் தெரிந்தது. "தோத்தாலும் ஜெயிச்சவங்களைத் தாங்குற நல்ல உள்ளம்" என்று கீழே எழுதியிருந்தார்கள். கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக விழுந்தன. அதில் பாதிப் பேர் நான் கும்பிட்டு ஓட்டுக் கேட்ட வீட்டுக்காரர்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் ஒரு சிரிக்கிற முகத்தைப் போட்டேன். தோற்றதைவிட, சக்கரத்தில் கிடந்ததைவிட, அதைப் போட்டதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் முகம் சுண்டிவிடுகிறது. தோசை கருகியிருந்தது.

அன்று மத்தியானம் அந்தப் பெண் ஆட்டோவில் வந்து இறங்கினாள். யாரிடமும் பேசாமல் நேராகத் தன் வண்டிக்குப் போய், தரையில் குத்தவைத்து, முன் சக்கரத்து உறையைப் பிடித்து இழுத்தாள். எலாஸ்டிக் இறுக்கமாக இருந்தது. கையெல்லாம் பிரைமர் ஒட்டியது. என் வீட்டுக்காரர் பதறிப் போய் ஓடினார்.

"ஏம்மா, கழட்டாதிய! இன்னும் ஒரு கோட் அடிக்கணும். வீல் வீணாப் போயிரும்."

"போனாப் போகட்டும் அண்ணாச்சி. இது என் வண்டியில இருக்க வேண்டாம்" என்றாள். உறையை உருவி எடுத்து, முகம் உள்ளே போகிற மாதிரி மடித்தாள். பிறகு என் மேஜைக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நான் சொல்லித்தான் மாட்டுனாங்கன்னு பேசுதாங்க. சத்தியமா எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்மா. நீ உக்காரு" என்றேன்.

"நீங்க சும்மா பேருக்குத்தான் நின்னிய. உங்களுக்கு இது ஒண்ணும் பெரிசா இருக்காது. எனக்குத்தான் மனசு கேக்கலை."

அவள் நல்லதாக நினைத்துத்தான் சொன்னாள். நானே ஊர் முழுக்கச் சொன்ன வார்த்தையைத்தான் என்னிடம் திருப்பிச் சொன்னாள். அதைக் கேட்டதும் அவள் கையிலிருந்து அந்த உறையை வாங்கிக்கொண்டேன்.

"பேருக்கு நிக்கல. ஜெயிக்கணும்னுதான் நின்னேன். ரொம்ப ஆசைப்பட்டு நின்னேன்" என்றேன்.

கம்ப்ரசர் ஓடாத நேரம் அது. பட்டறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் அடுத்த சக்கரத்துப் பக்கத்தில் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். யாரோ தெரியாத பொம்பளை என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் போலப் பார்த்தார்.

"நெசமாவாட்டி?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"அதை முன்னமே சொல்லப்படாதா? இவிய வீட்டு அண்ணாச்சி இங்கன வந்து கேட்டாவன்னு நான் இவியளுக்குல்லா ஓட்டுப் போட்டேன். நீ ஜெயிச்சா சிரமப்படுவேன்னுதான் நெனச்சேன். ஒரு வார்த்தை சொல்லிருந்தா ஒனக்கே போட்டிருப்பேனே."

அவர் குரலில் ஒளிவுமறைவே இல்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள், அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பட்டறை ஆட்கள் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. மடித்த உறையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவரை எதைச் சொல்லித் திட்டுவது? நான் சொன்னதை அப்படியே நம்பித்தானே அந்த மனுஷன் ஓட்டுப் போட்டிருக்கிறார்.