ஐயாயிரம் வருடக் கல்லறைக்குக் காவல்

கல்லறைக் காவலில் ஒரு வசதி, உள்ளே கிடப்பவர்கள் முறைப்பாடு செய்வதில்லை. வெளியே நிற்பவர்களோடுதான் பாடு; வெளிநாட்டில் காவல் வேலை பார்த்த யாருக்கும் அதை நான் சொல்லத் தேவையில்லை.

சலாம்

ஸ்கொட்லாந்தில் நாற்பது வீடுகள் உள்ள ஒரு கிராமம். பார்லி வயலுக்கு நடுவே கல் அடுக்கிய மேடு. ஐயாயிரம் வருடத்துக்கு முந்திய கல்லறை. ஒன்பது வருடம் அதன் இரும்புக் கதவைத் திறந்து பூட்டினேன், புல் வெட்டினேன், நனைந்து வருபவர்களுக்கு டோர்ச் கொடுத்தேன். மையவாடிக்குள் நுழைந்தால் அங்கே அடங்கியிருப்பவர்களுக்கு சலாம் சொல்வது எங்கள் கல்முனைப் பழக்கம். முதல் நாளே வாய் தவறி அங்கேயும் சொல்லிவிட்டேன். பிறகு விட முடியவில்லை. என்னோடு வேலை செய்த மேரி, என்ன முணுமுணுக்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன்.

“அவங்களுக்கு உன்ட பாஷையும் விளங்காது, என்ட பாஷையும் விளங்காது. நீ சொல்லு.”

மண்டையோடு

எப்போதோ தோண்டியவர்கள் உள்ளே இருந்த மண்டையோட்டை நகரத்து நூதனசாலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அதைத் திருப்பிக் கேட்பதா என்று ஊர் மண்டபத்தில் கூட்டம். வயல்காரர் எழும்பி, அது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது, ஆனால் நம் மண்ணில் வைத்த ஆள், இங்கேதான் கிடக்க வேண்டும் என்றார். எல்லோரும் கை உயர்த்தினார்கள். நானும்தான். வாப்பாவுக்குப் போனில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தார்.

“நல்ல சனம், மகன். என்னையும் உம்மாக்குப் பக்கத்தில வெச்சிருங்க. வேற ஒண்டும் வேணாம்.”

தங்கச்சியின் கோல்

கொரோனா வந்தது. பார்வையாளர் இல்லை, விமானமும் இல்லை. கல்லறையை மட்டும் தினமும் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. ஊரில் வாப்பா அந்த நோயில் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். அந்த மாதங்களில் கொரோனாவில் இறந்தவர்களின் மையித்துகளை, எந்த மதமானாலும், எரிக்க வேண்டும் என்று எங்கள் நாட்டில் உத்தரவு. அடக்கத் தாருங்கள் என்று தங்கச்சி ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் நின்றிருக்கிறாள். அவள் போனில் கோல் எடுத்தபோது நான் கல்லறை வாசலில் சாவியோடு நின்றேன்.

“நான் கையெழுத்துப் போடல்ல காக்கா. போடாமலே எரிச்சிட்டாங்க.”

உம்மாவுக்குப் பக்கத்தில்

ஊருக்கே திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் மையவாடிக்குப் போகிறேன். உம்மாவின் தலைமாட்டில் நட்ட மீஸான் பலகைக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நீளத்துக்கு வெறும் மணல். என் கண் அங்கேயே நிற்கும். மையவாடியைப் பார்க்கிறவர் புதியவர், எங்கள் கதை தெரியாது. போன கிழமை மண்வெட்டியோடு வந்து பக்கத்தில் நின்றார்.

“இந்த இடம் சும்மாதானே கிடக்கு காக்கா. இண்டைக்கு ஒரு மையித்து வருது, வெட்டவா?”

ஓம் என்றேன், வாப்பா செய்த பிழையெல்லாம் ஐயாயிரம் வருடம் பிந்தி மௌத்தானதுதான்.