ஆலுவாவில் இல்லாத இருமல்

நெஞ்சு டாக்டர் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: "எங்கே, இருமுங்கள் பார்ப்போம்" என்று நாம்தான் கேட்கிறோம், அவரும் நம் முகத்துக்கு நேரேதான் இருமுகிறார். இருமுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் பஸ்ஸில் போய் அவதிப்பட்டவர்களுக்கு என் பிழைப்பு புரியும். தொண்ணூறுகளின் கடைசியில் கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

மிளகாய் மேல் பழி

மட்டாஞ்சேரியில் யாரும் இருமலை நோய் என்று ஒத்துக்கொள்வதில்லை. தெருவுக்குத் தெரு மிளகுக் கிடங்கு, வற்றல் மிளகாய்க் கிடங்கு. பழியை அதன் மேல் போட்டுவிட்டு சாயா குடிக்கப் போய்விடுவார்கள். என்னிடம் வந்த சுந்தரமும் அப்படித்தான் ரொம்ப நாள் இருந்திருக்கிறார். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். கார்ப்பரேஷனில் தெருவிளக்கு வேலை. ஏணியில் பாதி ஏறினாலே மூச்சு வாங்கியது. ராத்திரியானால் காய்ச்சல். உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தது. வேறொரு டாக்டர் டி.பி. மாத்திரை கொடுத்து மாதக்கணக்காகியும் பலனில்லை. சளியில் கிருமியும் அகப்படவில்லை. அதற்குள் வீட்டில் அவருக்குத் தனித் தம்ளர் வைத்துவிட்டார்கள்.

முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். மூச்சை இழுக்கும்போதெல்லாம் அடியில், செருப்பின் ஒட்டுப்பட்டையைப் பிரிப்பதுபோல் கரகரவென்று ஒரு சத்தம். இது டி.பி.தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வீட்டில் நாய், பூனை, பறவை ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல டாக்டரே. ரெண்டு பசங்க மட்டும்தான்."

மாமியார் வீட்டு வைத்தியம்

அடுத்த தடவை மனைவி மல்லிகாவும் கூட வந்தார். மல்லிகாவின் தம்பி கல்யாணத்துக்காக ஆலுவா போய் ஒரு வாரத்துக்கு மேல் தங்கினார்களாம். அங்கே இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. மட்டாஞ்சேரி திரும்பிய அன்றைக்கே இரண்டும் வந்துவிட்டன. எல்லாம் தன் அம்மா வைத்த மீன்கறியின் மகிமை என்று மல்லிகாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சுந்தரம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"மாமியார் வீட்டிலேயே இருந்தாத்தான் சரியாகும்னா, இருமல் இருந்துட்டுப் போகட்டும் டாக்டரே."

மொட்டைமாடி

அவரை எக்ஸ்ரேவுக்கு அனுப்பிவிட்டு மல்லிகாவிடம் கேட்டேன், "ஆலுவாவில் இல்லாதது இங்கே என்ன இருக்கு?" அவர் யோசிக்கவே இல்லை. "புறா." மொட்டைமாடி முழுக்கப் பந்தயப் புறாக்கள். தினமும் வேலை விட்டு வந்ததும் சுந்தரம் கூண்டைக் கூட்டிப் பெருக்குவாராம். கூட்டி முடித்துச் சில மணி நேரத்தில் காய்ச்சல்.

எறணாகுளத்தில் எடுத்த ஸ்கேனும் அதையே சொன்னது. இறகுத் தூசியும் காய்ந்த எச்சமும் உள்ளே போகப்போக அவர் நுரையீரல் அதோடு சண்டை போட்டு வீங்கிக்கொண்டிருந்தது. புறா வளர்க்கிற எல்லாருக்கும் இது வராது, அபூர்வம்தான். யாருக்கும் தொற்றாது, தனித் தம்ளரும் வேண்டாம். ஆனால் இப்படியே விட்டால் உள்ளே தழும்பாகிவிடும். அப்புறம் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே ஆக்சிஜன் கேட்கும். வீக்கம் அடங்க ஸ்டீராய்டு மாத்திரை தருகிறேன், புறாக்கள் போகத்தான் வேண்டும் என்றேன். சுந்தரத்துக்குக் கண் கலங்கியிருந்தது.

"அந்த மாத்திரையை அதுங்களுக்குக் கொடுத்தா ஆகாதா டாக்டரே?"

பஸ்ஸும் புறாவும்

ஒருவழியாக மனதைக் கல்லாக்கிக்கொண்டு, களமசேரியில் சாயாக்கடை வைத்திருந்த ஒரு சேட்டனிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். அந்தச் சேட்டன் ஆசையாகக் கூடையைத் திறந்து பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். மறுபடி பிடித்துக்கொண்டு போய், கூண்டைவிட்டு வெளியே விடவே கூடாது என்று சத்தியம் வாங்கிய பிறகுதான் அவை அங்கே தங்கின. மொட்டைமாடியைக் கழுவி முடிக்கும்வரை சுந்தரம் ஆலுவாவில் இருக்க வேண்டியதாயிற்று. முதல்முறை நடந்ததை மல்லிகா எனக்கு போனில் சொன்னார்:

"இவர் பஸ் பிடிச்சு வர்றதுக்குள்ள அதுங்க வந்து மாடியில உட்கார்ந்துடுச்சு டாக்டரே."

பசி

சில வாரத்தில் காய்ச்சல் நின்றது, எடை ஏறியது. ஸ்டீராய்டு பசியைக் கிளப்பிவிடும். சுந்தரத்தின் முகம் பூரிபோல் உப்பிவிட்டது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று மல்லிகாவுக்கு விளக்கினேன். கொஞ்சம் தழும்பு மட்டும் தங்கிவிட்டது, அது போகாது. ஆனால் நிற்காமல் ஏணியின் உச்சிவரை ஏறுகிறார். மல்லிகாவின் குறை வேறு:

"முன்னாடி மூச்சு வாங்கிச் சாப்பிடமாட்டார். இப்ப சாப்பிட்டுச் சாப்பிட்டு மூச்சு வாங்குது."

வராந்தாவில்

அடுத்த வருஷம் ஒருநாள், சுந்தரம் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டாளியாம், ஏணி ஏறாமலே மூச்சு வாங்கியது. பரவாயில்லை, ஒரு உயிரைக் காப்பாற்ற வழிகாட்டுகிறாரே என்று எனக்குச் சந்தோஷம். கதவு சரியாகச் சாத்தாததால் வராந்தாவில் அவர் கூட்டாளிக்கு ஓதிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"நல்ல டாக்டர். எல்லாத்தையும் சொல்லு, கொழப்பமில்ல. புறாவைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே."

இத்தனை வருஷத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: இருமலை நோயாளியிடம் கேட்கலாம், காரணத்தை மட்டும் அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.