வாசலில் நசுங்கிய பூட்ஸ்

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை செய்த இரும்பு வார்ப்படப் பட்டறையின் சுவரில் பத்துமலை முருகன் படம் மாட்டியிருந்தோம். படம் இருக்கும் இடத்துக்குள் செருப்போடு போகலாமா? வாசலிலேயே கழற்றிவிடுவோம். தலைக்குமேல் சங்கிலியில் இரும்பு தொங்கும். கீழே பன்னிரண்டு பேர் வெறுங்காலோடு நடப்போம். முருகனுக்கு நாங்கள் கொடுத்த வேலை கொஞ்சநஞ்சமல்ல.

ஒருவருக்குக் கால் கட்டைவிரல் நசுங்கியதும், பட்டறையை நடத்திய வெள்ளைக்காரத் துரை எல்லோருக்கும் பூட்ஸ் கொடுத்தார். அதையும் பயபக்தியோடு வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்தோம். துரை மூன்று தடவை திடீரென்று வந்து பார்த்தார். என் ராசி, மூன்று தடவையும் என்னைத்தான் பிடித்தார்.

"இன்னொரு தடவ வெறுங்காலோட பாத்தா, நீ வேலைக்கு வர வேணாம்," என்று தமிழிலேயே சொன்னார்.

வீட்டில் மனைவிக்கு ஏழு மாதம். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாள் காலை வாசலுக்கு வந்ததும் கை தானாக முடிச்சை அவிழ்த்துவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்று ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சங்கிலியில் தூக்கி, வெளியே நின்ற மாட்டுவண்டிக்கு நகர்த்தினோம். சங்கிலியில் ஒரு கண்ணி தேய்ந்து பல மாதம் ஆகியிருந்தது. துரையிடம் சொல்லிச் சொல்லி எங்கள் வாயும் தேய்ந்திருந்தது. வாசலுக்கு நேராக வந்ததும் கண்ணி அறுந்தது. தூசி அடங்கிப் பார்த்தால் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. சக்கரம், வரிசையில் முதலாவதாக இருந்த என் பூட்ஸின்மேல் உட்கார்ந்திருந்தது.

"முருகன் காப்பாத்திட்டான் லா, அண்ணே!" என்று கூட்டாளி ஒருவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். போட்டுக்கொண்டே தன் பூட்ஸை மாட்டினான். சத்தம் கேட்டுத் துரை வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் ஓடி வருவதற்குள் பதினொரு பேரும் பூட்ஸோடு நின்றார்கள்.

துரை முதலில் சக்கரத்துக்கு அடியில் குனிந்து காலைத் தேடினார். இல்லை என்றதும் முகம் சிவந்தது.

"யாரு பூட்ஸ்?"

கேட்கவே வேண்டியதில்லை.

"என்னுதுங்க, தொரை," என்றேன்.

கடப்பாரையால் சக்கரத்தை நெம்பச் சொல்லி, பூட்ஸை உருவி எடுத்தார். அப்பளமாகியிருந்தது. உள்ளே கையை விடப் பார்த்தார். விரல் நுனிகூட நுழையவில்லை. என் காலைப் பார்த்தார்.

"இதுக்குள்ள கால் இருந்திருந்தா, தொரை?" என்று கூட்டாளி மெதுவாகக் கேட்டான்.

அவர் அறுந்து தொங்கிய சங்கிலியை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். என் வேலை போகவில்லை. மறுநாளே புதுச் சங்கிலி வந்தது. பன்னிரண்டு பேர் மாதக்கணக்கில் கேட்டு வராதது, ஒரு ஜோடி பூட்ஸ் நசுங்கியதும் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.