டேப்பின் மறுமுனை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது எனக்கு நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அப்போது மத்தியானம் மூன்று மணி.

இடிக்கப்போகும் பழைய கடைகளை அளந்து, வரைந்து, படமெடுத்து வைப்பது என் வேலை. கட்டடம் போன பிறகு அந்த வரைபடம்தான் மிச்சம். அந்தத் திங்கட்கிழமை, கடைவீதியில் பூட்டிக் கிடந்த ஒரு துணிக்கடை. ஜன்னல்களில் பலகை அடித்திருந்ததால் உள்ளே கும்மிருட்டு. துணைக்கு என் மச்சினன். வேலைக்குக் கடைசி, டீக்கு முதல் ஆள்.

சாவியோடு வந்த முதலாளிக்கு வயதாகியிருந்தது. அதிகாரத்துக்கு ஆகவில்லை.

"மேல்மாடிப் பின்சுவரோட கட்டடம் முடிஞ்சுது. அதுக்கு அந்தப் பக்கம் எதையும் காட்டாத. வெள்ளிக்கிழமை இடிக்க மெஷின் வருது. புரியுதா?"

எனக்குப் புரியவில்லை. வெளியே அளந்ததைவிட உள்ளே ஏழடி குறைந்தது. ஏழடித் தடிமனில் யார் சுவர் கட்டுவார்கள்?

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. தூரத்து முனையில் இருப்பவன் டேப்பை இரண்டு முறை சுண்டி இழுப்பான். 'பிடிச்சிருக்கேன், அளவு பாரு' என்று அர்த்தம்.

சந்தேகம் தீர மறுபடி அளந்தோம். மேல்மாடியில் நான் முன்சுவரோரம். மச்சினன் முனையை எடுத்துக்கொண்டு பின்சுவர்ப் பக்கம் இருட்டில் போனான். கொஞ்ச நேரம் கழித்து டேப் விறைத்தது.

இரண்டு இழுப்பு.

டார்ச் அடித்து அளவைப் பார்த்தேன். வெளியே அளந்த அதே அளவு. அந்த ஏழடியும் சேர்ந்து...

போன் அடித்தது. மச்சினன்.

"அத்தான், டீக்குச் சர்க்கரை போடச் சொல்லவா?"

"எங்கடா இருக்க?"

"கீழ, டீக்கடையில. டேப்பை அப்படியே தரையில வச்சிட்டுப் பின்படி வழியா வந்தேனே."

கையில் டேப் விறைப்பாகவே இருந்தது.

மறுபடியும் இரண்டு இழுப்பு.

டார்ச்சைத் திருப்பினேன். டேப் தரையோடு போய், பின்சுவரின் அடியில், விரல் நுழையாத விரிசலுக்குள் போயிருந்தது.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். மெதுவாக. மரியாதையாக.

"முதலாளி... கதவைத் திறங்க, முதலாளி..."

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. வாசலில் நின்ற முதலாளி நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"எலி இழுத்திருக்கும்யா. ஆம்பளையா நீ?"

என் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு மேலே போனார். செருப்புச் சத்தம். டக்... டக்... டக்...

நின்றது.

இருட்டும்வரை வாசலிலிருந்து கூப்பிட்டோம். அவர் இறங்கி வரவில்லை. பின்படி வழியாகப் போயிருப்பார் என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

மறுநாள் காலை டேப்பை எடுக்க இருவருமாகப் போனோம். நான் போட்ட இடத்திலேயே கிடந்தது. தொட்டேன்.

இரண்டு இழுப்பு. பலமில்லாமல்.

மறுபடியும் இரண்டு.

மச்சினன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "எலியா இருக்கும், அத்தான்..."

ஓடிவந்துவிட்டோம். சிரிப்பார்களே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

முதலாளியைக் காணவில்லை என்று மகன்கள் ஊரெல்லாம் தேடினார்கள். மேல்மாடியையும் பார்த்தார்களாம். வெறும் சுவர். இடிப்பு வேலை மட்டும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை மெஷின் அந்தச் சுவரைப் பெயர்த்தது. பூச்சுக்கு அடியில் ஒரு கதவு. எங்கள் பக்கம் தாழ்ப்பாள். அதன்மேல் பழைய பூச்சு, உடையாமல். உள்ளே ஏழடி அறை. மூலையில் நைந்த புடவைக்குள் எலும்புகள். பக்கத்தில் முதலாளி, விரல் நகமெல்லாம் பிய்ந்து. டேப் முனை அவர் கையில் சுற்றியிருந்தது.

அவர் எப்படி உள்ளே போனார்? இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பக்கத்துக்கடைத் தையல்காரர்தான் பிறகு சொன்னார். அந்தக் காலத்தில் கடையில் விற்பனை வேலை பார்த்த ஒரு பெண்மேல் திருட்டுப்பட்டம் கட்டினாராம் முதலாளி. மறுநாளிலிருந்து அவளைக் காணோம். ஓடிப்போய்விட்டாள் என்று சொல்லி, தேடி வந்த அவள் அம்மாவை அனுப்பிவிட்டாராம்.

"மேல ரெண்டு மூணு நாள் தட்டுற சத்தம் கேட்டுச்சு தம்பி. என்னன்னு கேட்டேன். எலின்னு சொன்னாரு."

முதலாளிக்காக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. ஆனால் தூக்கம் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னதுதான் காரணம். முதலாளியின் உயிர் பிரிந்தது வியாழக்கிழமை ராத்திரி.

நாங்கள் டேப்பைத் தொட்டது செவ்வாய்க்கிழமை காலை.