இழுத்துப் பார்க்கச் சொன்ன எஸ்தர் மேடம்

செவ்வாய்க்கிழமை காலை, வண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது மகள் நித்யா போன் செய்தாள். எடுத்ததும் "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்கிறவள் அன்று அதைக் கேட்கவில்லை. "என்ன கண்ணு, ஸ்கூட்டர் பஞ்சரா?" என்றேன். என் புத்திக்கு எட்டிய பெரிய துக்கம் அதுதான்.

"எஸ்தர் மேடம் போயிட்டாங்கப்பா."

பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே மடித்து வைத்த பனியன்கள் நசுங்கியது அப்புறம்தான் தெரிந்தது.

முனைவர் எஸ்தர் இயற்பியல் பேராசிரியர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இங்கே ஒரு கல்லூரியில் நித்யாவுக்கு ஆராய்ச்சி வழிகாட்டி. அவரைப் பற்றி எழுதத் தகுதியானவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் மங்கலம் ரோட்டில் சின்னதாகப் பனியன் செக்கிங், அயர்னிங் யூனிட் வைத்திருப்பவன். பத்தாவதில் அறிவியலுக்கு என்ன மார்க் வாங்கினேன் என்பதை மகளிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஆனாலும் அவருடைய கடைசி வேலை ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு நித்யா அவரை எங்கள் யூனிட்டுக்கு அழைத்து வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தார். சிகிச்சை நடந்துகொண்டிருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. ஊரில் நடக்கவிருந்த அறிவியல் திருவிழாவுக்கு ஒரு காட்சிப்பொருள் செய்கிறோம், துணி தேய்க்க அகலமான ஸ்டீம் டேபிள் வேண்டும் என்றார். பையிலிருந்து ஒரு துணியை எடுத்து விரித்தார். விரல் தடிமன் பருத்திக் கயிற்றில் பின்னியது. பனியன் துணியை யானைக்குத் தைக்கிற மாதிரி பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி.

"அண்ணாச்சி, இதுல முடிச்சு எங்க இருக்குன்னு காட்டுங்க பாப்போம்."

இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவன் நான். தெம்பாகத் தேட ஆரம்பித்தேன். திருப்பிப் பார்த்தேன், தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நித்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இல்லீங்களே மேடம்!"

"இல்லவே இல்ல. ஒத்தைக் கயிறு. இந்த வளையம் இருக்குல்லா, கண்ணி, ஒண்ணு அடுத்ததைப் பிடிச்சிருக்கு, அம்புட்டுதான். இப்ப இந்தக் கண்ணியை விட்டுட்டு இழுங்க."

இழுத்தேன். மேலிருந்து கீழே ஏணி மாதிரி சரசரவென்று கழன்று ஓடியது. ஓடிய ஓட்டம் ஓரிடத்தில் தானாக நின்றுவிட்டது.

"ஏனுங்க மேடம், அங்க மட்டும் ஏன் நிக்குது?"

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என் சம்பந்தி வீட்டில்கூட நான் பார்த்ததில்லை. "ஏட்டி நித்யா, கேட்டியா? இந்தக் கேள்விக்குத்தான் நாம இத்தனை பாடு படுதோம்" என்றார். அந்த இடத்தில் மட்டும் கண்ணியை வேறு விதமாகப் பின்னியிருப்பதைக் காட்டினார். வயிற்று ஆபரேஷனில் உள்ளே வைத்துத் தைக்கிற வலையும் இப்படிப் பின்னியதுதான் என்றார். காலையில் போட்டுக்கொண்ட பனியனை அன்றைக்குக் குனிந்து குனிந்து பார்த்தேன். புதிதாகப் பிறந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

விழாக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். போன முறை குழந்தைகள் கை பட்டு நிறையப் பொருள்கள் உடைந்துவிட்டனவாம். அதனால் பழுதானால் அங்கேயே சரிசெய்ய வழி இருக்கும் பொருளை மட்டும்தான் தொட விடுவார்கள். மற்றதற்கெல்லாம் கயிறு கட்டி ஜனங்களை எட்ட நிறுத்திவிடுவார்கள். மேடத்துக்கு அதைக் கேட்டதிலிருந்து தூக்கமில்லை. "எட்ட நின்னு பாக்கதுக்கு டிவி போதுமே. தொட்டாத்தான் கேள்வி வரும். இந்த ஒரு விழாவையாவது சரியாப் பண்ணிரணும் அண்ணாச்சி" என்றார். அந்த 'ஒரு' எங்கள் இருவருக்கும் புரிந்தது. நித்யா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவருடைய திட்டம் இது: ஒரே மாதிரித் துணிகள் பல செய்வது, கணக்குப் போட்டு அங்கங்கே கண்ணியை வெட்டி வைப்பது, ஒன்று முழுதாக ஓடி முடிந்தால் அடுத்ததை மாட்டுவது. விழாவுக்கு முந்தின நாள் அத்தனையும் அயர்ன் போட எங்கள் யூனிட்டுக்கு வந்தன. நான் நூல் கடை வரை போயிருந்தேன்.

திரும்பி வந்தால் சரசக்கா, செக்கிங் டேபிளில் மூத்தவர், வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏனுங்ணா, எவனுங்க இதை மிஷின்ல ஓட்டினது? பீஸுக்குப் பீஸு ஓட்டை! எந்த பையர் வாங்குவான்? நாங்க நாலு பேரும் சேர்ந்து அத்தனையும் அடைச்சுப் போட்டோம்."

ஓட்டையைக் கண்டால் அடைப்பது எங்கள் டேபிளில் ரத்தத்தில் ஊறிய பழக்கம். நானோ அடைத்த இடத்தைத் தடவிப் பார்த்து, "சபாஷ்" என்று வேறு சொல்லிவிட்டேன். அப்புறம்தான் அவை எந்தத் துணிகள் என்று உறைத்தது. மாதக்கணக்கில் போட்ட கணக்கை டீ நேரத்துக்குள் தைத்து முடித்திருந்தோம்.

சாயங்காலம் மேடம் வந்தார். நித்யா கண் கலங்கி நின்றாள். நான் அயர்ன் பாக்ஸுக்குப் பின்னால் நின்றேன், ஒளிய வேறு இடமில்லை. மேடம் ஒவ்வொரு துணியாக இழுத்தார். எதுவும் ஓடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, அடைத்த இடங்களை லென்ஸ் வைத்துப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நான் காத்திருக்க, தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"யக்கா, இந்த இடத்துல கயிறை ஏன் இப்படித் திருப்பினீங்க?"

"எனக்கென்னுங்க தெரியும்? டீ ஆறிப்போகுமேன்னு அவசரத்துல போட்டேன்."

மேடம் சிரிப்பை நிறுத்தினார். "டீ ஆறதுக்குள்ள அடைக்க முடியுதுன்னா..." என்றபடி எழுந்தார். பிறகு மேல் வரிசைக் கண்ணிகளை ஒரு மரச்சட்டத்து ஆணிகளில் ஒவ்வொன்றாக மாட்டினார். நடுவில் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு இழுத்தார். வெட்டாமலே ஓடியது. சரசக்காவிடம் கொக்கி ஊசி ஒன்றை வாங்கி, அடியிலிருந்து கண்ணி கண்ணியாக மேலே ஏற்றி, திரும்ப ஆணியில் மாட்டினார். துணி பழையபடி ஆகிவிட்டது. அவ்வளவு நாள் திட்டத்தை அவர் தூக்கிப் போட ஆன நேரம் அவ்வளவுதான். கோயில் கருவறையில் திரை விலகும்போது கை தானாகக் குவியுமே, அதுபோல என் கை எழும்பிப் பாதியில் நின்றது.

"நாம எதுக்குட்டி ஸ்பேர் துணி தூக்கிட்டு அலையணும்?" என்றார் நித்யாவிடம். "ஓட விடுறதும் பாக்க வர்றவங்களே, ஏத்துறதும் அவங்களே."

மறுநாள் காலையில் விழா அதிகாரி ஒருவர் கயிற்றோடு வந்தார். எங்கள் சட்டத்தைச் சுற்றிக் கட்டியும் விட்டார். மேடம் தர்க்கம் எதுவும் பண்ணவில்லை. "சார், நீங்க மட்டும் ஒரு தடவை இழுத்துப் பாருங்களேன்" என்றார். அவர் இழுத்தார், துணி ஓடி ஓரிடத்தில் நின்றது, மனிதர் பதறி, "ஐயோ, கெட்டுப்போச்சுங்களா?" என்றார். மேடம் கொக்கி ஊசியை நீட்டினார். "ஏத்துங்க."

முதல் கண்ணி நழுவியது. இரண்டாவது ஏறியது. அப்புறம் அவர் எங்களை மறந்துவிட்டார். கடைசிக் கண்ணியை ஆணியில் மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது அவர் கேட்டது, "அந்த இடத்துல மட்டும் ஏனுங்க நின்னுச்சு?"

கேட்டுவிட்டு, தான் சுற்றிக் கட்டிய கயிற்றை அவரே அவிழ்த்தார்.

பிறகு நின்ற கூட்டத்தைச் சொல்லி முடியாது. பள்ளிப் பிள்ளைகள், ஷிப்ட் முடிந்து வந்த டெய்லர்கள், இந்திக்காரப் பையன்கள், எல்லோரும் இழுத்தார்கள், ஏற்றினார்கள். மேடம் ஒரு கண்ணியைக்கூடத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாலையில் துணி அழுக்கேறிக் கறுத்திருந்தது. "வாஷ் பண்ணிரலாங்களா மேடம்?" என்றேன். "விடுங்க அண்ணாச்சி. அம்புட்டும் கைதானே" என்றார்.

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்தில் அவருடைய மாணவர்களும் பேராசிரியர்களும் தள்ளித் தள்ளி நின்றார்கள். மரியாதை அப்படித்தான் நிற்க வைக்கும். நானும் முதலில் ஓரமாகத்தான் நின்றேன். பெட்டியை இறக்கப் போகும் நேரத்தில் மனது கேட்கவில்லை. நித்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். இருவரும் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தோம். மரம் வெயிலில் சூடாக இருந்தது. எங்களுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

போய் வாருங்கள், மேடம். எட்ட நிற்க எங்களுக்கு இனி வராது.